ஒரே காலத்தில் திறந்திராத கடைகள்: ஒரு புறநகர்க் கடைத்தெருவின் நினைவைச் சரிபார்ப்பது எப்படி

ஒரு புறநகரில் நெடுநாள் குடியிருந்த நாலைந்து பேரை உட்கார வைத்துப் பழைய கடைத்தெருவைப் பற்றிப் பேச்செடுத்தால், பத்து நிமிடத்தில் முழுத் தெருவும் எழுந்து நின்றுவிடும். முனையில் மளிகைக் கடை, அதை ஒட்டிச் செருப்புத் தைப்பவர், தையல் கடை, மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தகம், அதன் மாடியில் பெண்களுக்கான சலூன், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை, வீடியோ கேசட் வாடகைக் கடை. ஆனால் இந்த வரிசை எந்த ஆண்டிலும் இப்படி நின்றிருக்காது. வால்வு வானொலிகளைத் திறந்து பார்த்தவர் கடையைக் கட்டிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான் கேசட் கடை வந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் அதே கதவுக்குப் பின்னால். நினைவு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் குடிவைத்துவிடுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. கடைகளை நாம் இடத்தோடு சேர்த்து நினைவில் வைக்கிறோம், ஆண்டோடு அல்ல. தவிர, பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலமே மனிதர்களுக்கு மிக அடர்த்தியாக நினைவில் தங்குகிறது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. எனவே இருபது வயது வித்தியாசமுள்ள இருவர் ஒரே கதவைப் பற்றி வாதாடினால், பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரிதான். தெருவைத் திரும்ப எழுத முனைபவர் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த அடுக்குகளைப் பிரிப்பது. பிரித்து முடித்ததும், கடைகள் ஏன் மூடின என்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் பல இடங்களில் பொருந்தாமல் போவதைப் பார்க்கலாம்.

கதவும் ஆண்டும்

கடைப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு தொடங்குவதுதான் வழக்கமான தவறு. பெயர் நகரும், கடை எதிர்வரிசைக்கு இடம் மாறும், ஒரே பெயரை மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்து விலைக்கு வாங்கி நடத்தும். நகராதது கதவு மட்டுமே. ஆகவே கதவு எண்களை மேல்வரிசையிலும், ஐந்தாண்டுக்கு ஒரு கோடாக ஆண்டுகளை இடப்பக்கமும் இட்டு ஒரு பெரிய கட்டம் போட வேண்டும். இருபது கதவுகளும் ஐம்பது ஆண்டுகளும் என்றால் ஏறத்தாழ இருநூறு கட்டங்கள். ஒரு கட்டத்தில் நான்கு விவரங்கள் போதும்: என்ன தொழில், பலகையில் என்ன பெயர், நடத்தியவர் யார், கட்டடம் யாருடையது. கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பின்னால் காரணம் தேடும்போது அந்த வித்தியாசம்தான் கைகொடுக்கும்.

கதவு எண்ணும் சில நேரம் ஏமாற்றும். தெரு நீளும்போது எண்களை மாற்றிப் போட்டிருப்பார்கள். இரண்டு கடைகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கியிருப்பார்கள்; அப்போது ஓர் எண் காணாமல் போகும். முனைக் கடைக்கு இரண்டு முகவரிகள்: பதிவேட்டில் ஓராண்டு பெரிய சாலையின் பெயரிலும் மறு ஆண்டு பக்கத் தெருவின் பெயரிலும் வரும், பார்ப்பவர் அதை இரண்டு கடைகள் என்று எண்ணிக்கொள்வார். இதைத் தவிர்க்க ரயில் நிலையம், பள்ளி, அஞ்சல் நிலையம் போன்று இடம் மாறாத இரண்டு புள்ளிகளை எடுத்து, அங்கிருந்து எத்தனையாவது கதவு என்பதையும் எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பதிவேடுகள் சொல்வதும் சொல்லாததும்

கடைகளின் பெயரையும் முகவரியையும் பட்டியலிட்ட, வணிகக் கையேடுகள் எனப்படும் பழைய தொகுப்புகள்தான் பலருக்கும் முதல் நம்பிக்கை. அவற்றில் உள்ள தகவல் அச்சேறுவதற்குப் பல மாதங்கள் முன்பே திரட்டப்பட்டது. ஆகவே கையேட்டின் ஆண்டைக் கடை திறந்த ஆண்டாக எடுத்தால் ஓராண்டு பிசகும். மூடிய கடை அடுத்த பதிப்பிலும் தொடர்ந்து வருவதும் உண்டு. தொலைபேசிப் புத்தகத்தில் தொலைபேசி வைத்திருந்த கடை மட்டுமே இருக்கும்; ஒற்றை நாற்காலி முடிதிருத்தகம் அதில் பல காலம் இருக்காது. சொத்துவரிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் குடியிருப்பவர் பெயரும் தனித்தனியாக இருந்தால் அதைவிட மதிப்புள்ள ஆவணம் கிடையாது. கடைக்கு மேலேயே குடும்பம் குடியிருந்திருந்தால் வாக்காளர் பட்டியலும் உதவும்: பிள்ளைகள் வாக்களிக்கும் வயதை எட்டிய ஆண்டும் வீட்டை விட்டுப் போன ஆண்டும் அதில் தெரியும்.

காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட தீ அபாய வரைபடங்கள் கிடைக்கும் ஊராக இருந்தால் அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவில் சான்போர்ன் நிறுவனம் 1867 முதல் இவற்றை வெளியிட்டது. கனடாவிலும் பிரிட்டனிலும் கோட் நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. சான்போர்ன் தாள்களில் இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். மாற்றம் வந்தபோது புதுத் தாள் அச்சிடாமல் அந்த இடத்தில் மட்டும் துண்டுத்தாள் ஒட்டித் திருத்தினார்கள். அதனால் ஒரே தாளில் வெவ்வேறு ஆண்டுகளின் கட்டடங்கள் கலந்திருக்கும். தாளின் மேல் அச்சிட்ட ஆண்டை அப்படியே நம்பினால் கட்டம் குழம்பிவிடும்.

பெரிய ஆவணக் காப்பகங்களில் தேடிக் களைத்தவர்கள் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: பள்ளி ஆண்டு மலர், விளையாட்டுக் கழக விழா மலர், வழிபாட்டுத் தல விழா மலர். நன்கொடைக்காகக் கால் பக்கம் விளம்பரம் கொடுத்தது அக்கம்பக்கத்துக் குடும்பக் கடைகளே. முகவரி, தொலைபேசி எண், என்ன விற்றார்கள், யார் நடத்தினார்கள் எல்லாம் அதில் இருக்கும், ஆண்டும் மலரின் அட்டையிலேயே இருக்கும். ஆண்டில்லாத ரசீது, காகிதப் பை, நாட்காட்டி அட்டை கையில் கிடைத்தால் தொலைபேசி எண்ணின் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்; காலம் செல்லச் செல்ல அவை கூடின. அஞ்சல் குறியீட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் அஞ்சல் குறியீடு 1963இலும், ஆஸ்திரேலியாவில் 1967இலும், இந்தியாவில் 1972இலும் வந்தது. குறியீடு இருந்தால் அந்த ஆண்டுக்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லையென்றால் முந்தையது என்று சொல்லிவிட முடியாது: பழைய அச்சுத்தாள் தீரும்வரை கடைக்காரர் புதிதாக அச்சடிக்க மாட்டார்.

பதிவேடுகளின் பெரிய ஓட்டை பெண்கள். கணவர் பெயரில் உரிமமும் வாடகை ஒப்பந்தமும் இருக்க, மனைவி நாள் முழுவதும் கல்லாவில் இருந்திருப்பார். பெண்கள் சலூன்கள் பலவும் நடத்தியவர் பெயரை விட்டு அலங்காரமான பிரெஞ்சுப் பெயர்களை வைத்துக்கொண்டன. அந்தக் கட்டங்களில் நடத்தியவர் பெயரை ஆட்களிடம் கேட்டுத்தான் நிரப்ப முடியும்.

ஒளிப்படங்கள்

கடையைப் படமெடுத்தவர் குறைவு. கடை முன் நின்ற குழந்தையையோ ஊர்வலத்தையோ எடுத்தவர்கள் அதிகம். எனவே கடைப் படம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அந்தத் தெருவில் எடுத்த எந்தப் படமானாலும் பார்க்கக் கேட்பதே பலன் தரும். பின்னணியில் பாதிப் பலகை தெரிந்தாலே போதும். 1950, 60களின் பல படங்களின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது கழுவி அச்சிட்ட தேதி. கோடையில் எடுத்த சுருள் பனிக்காலம் வரை கேமராவிலேயே கிடந்திருக்கலாம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்தால் தெருவின் இடமும் வலமும் மாறிவிடும். பலகை எழுத்தையோ வண்டியின் எண்பலகையையோ வைத்து முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

அச்சுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியிலும் சிறிய நெகட்டிவை 2400க்குக் குறையாமலும் ஸ்கேன் செய்து, சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். படத்தின் பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். பின்னால் குறிப்பெழுத மென்மையான பென்சில் மட்டுமே. பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடமாக எழும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு. அண்மைக் காலத்துக்கு வேறு வசதி இருக்கிறது: 2007இல் தொடங்கிய கூகுள் ஸ்ட்ரீட் வியூவில், படமெடுத்த ஊர்களில், பழைய ஆண்டுகளின் காட்சியையும் பார்க்கும் வசதி 2014இல் வந்தது. அதற்குள் மூடிய கடைகளுக்கு அது ஒரு நல்ல சாட்சி.

நாற்காலிக் கணக்கு

கட்டம் நிரம்பத் தொடங்கியதும் ஒன்று கண்ணில் படும். மற்றக் கதவுகளில் பெயரும் தொழிலும் மாறிக்கொண்டே இருக்க, முடிதிருத்தகம் இருந்த கதவு அசையாமல் கீழ்நோக்கி நீளும். பெயர் மாறினாலும் தொழில் மாறாது. பாசத்தால் நிலைத்தது என்று சொல்வது எளிது. கணக்கு வேறு சொல்கிறது.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளர்கிறது. ஒட்ட வெட்டிய முடி நான்கு வாரத்தில் வடிவம் இழக்கும். ஒரு தலைக்கு அரைமணி நேரம், ஒரு நாற்காலியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேர், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 72 தலைகள். எல்லாரும் நான்கு வாரத்துக்கொரு முறை வந்தால், ஒரு நாற்காலி முழுதாக ஓட 288 வாடிக்கையாளர் போதும். சில தெருக்களின் ஆண்களும் சிறுவர்களுமே அந்த எண்ணிக்கைக்கு வந்துவிடுவார்கள். கெட்டுப்போகும் சரக்கு இல்லை, முடங்கும் முதல் இல்லை, அந்தச் சேவையை வேறெங்கிருந்தும் பெட்டியில் போட்டு அனுப்பவும் முடியாது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் எண் மாறினாலும் கடை ஆடிப்போகும். முதல் ஆட்டம் சவரத்தில் வந்தது. கில்லெட் பாதுகாப்பு ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தபோது அந்த ஆண்டு விற்றது 51 மட்டுமே. மறு ஆண்டே 90,000ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு முப்பது லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் வீட்டிலேயே சவரம் செய்யப் பழகியிருந்தார்கள். வாரத்தில் பலமுறை வந்த ஆள் மாதம் ஒருமுறை வருபவரானார். லியோ வால் 1919இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மின் கத்தரி வெட்டும் நேரத்தைக் குறைத்து அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டியது. இரண்டாவது ஆட்டம் 1960களின் பிற்பகுதியில், ஆண்கள் முடியை நீளமாக விடத் தொடங்கியபோது. நான்கு வாரம் எட்டு வாரமானால் அதே 288 பேர் வாரத்துக்கு 36 தலைகளைத்தான் தருவார்கள். ஒரு வாடிக்கையாளரைக்கூட இழக்காமலே பாதி வருமானம் போய்விடும். மூன்று நாற்காலிக் கடை ஒற்றை நாற்காலியானதும், மகன் வேறு வேலைக்குப் போனதும் இங்கேதான்.

பெண்கள் சலூனின் கணக்கு இன்னும் கூர்மையானது. கார்ல் நெஸ்லர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் லண்டனில் செய்துகாட்டிய நிரந்தரச் சுருள் முறைக்கு மேலிருந்து தொங்கும் சூடான உருளைகள் வேண்டும், பல மணி நேரம் பிடிக்கும். புறநகர்ச் சிறுகடைக்குக் கட்டுப்படியாகாத கருவி. 1930களின் இறுதியிலிருந்து பரவிய குளிர் முறையில் கருவி தேவைப்படவில்லை: குச்சியில் சுற்றிய முடியில் கரைசல் தடவி அதன் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றால் புதிய வடிவத்தில் பூட்டுவார்கள். கரைசல் சில நிமிடம் கூடுதலாக ஊறினால் முடி முறியும். பூட்டும் கட்டத்தில் அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் சுருள் தளரும். மாடி அறை ஒன்றிலும் செய்துவிடலாம் என்பதால் வீட்டுக்கு மேலும் வீட்டுக்குப் பின்னும் சலூன்கள் முளைத்தன. பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்த அம்மோனியா நெடியைத்தான்.

அந்தக் கடைகளை வாழவைத்தது சுருளைவிட வாராந்தர முடியலங்காரம். கழுவி, உருளை சுற்றி, தலைக்கூடு உலர்த்தியின் அடியில் உட்கார வைப்பார்கள். ஒருவர் காயும் நேரத்தில் அடுத்தவருக்குச் சுற்றத் தொடங்கலாம். அரைமணி நேரக் கைவேலை, வாரம் தவறாத வருகை என்றால் ஒருவரின் உழைப்புக்கு எழுபது பெண்கள் போதும். தெருவிலேயே மிகக் குறைந்த வாடிக்கையாளரைக் கொண்டு ஓடிய கடைகளில் இதுவும் ஒன்று. 1960களில் விடால் சசூன் போன்ற முடியலங்காரக் கலைஞர்கள் பரப்பிய, கழுவி உலர்த்தினாலே படியும் வெட்டுகளும், வீட்டுக்குள் வந்த கைப்பிடி உலர்த்தியும் அந்த வாரத்தை ஆறு வாரமாக்கின. எழுபது பேர் போதும் என்றிருந்த கடைக்கு இப்போது நானூற்றுச் சொச்சம் பேர் வேண்டும். ஆறு சலூன்கள் இருந்த தெருவில் ஒன்றிரண்டே மிஞ்சியதற்கும், ஆண் பெண் இருபாலருக்குமான சலூன் என்ற பலகை வந்ததற்கும் இதுதான் அடிப்படை. போட்டி, பேரங்காடி என்ற பேச்சுக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

முடிதிருத்தகங்கள் கட்டடத்தில் விட்டுச்செல்லும் தடயங்களும் அதிகம். ஆவணம் இல்லாத கதவுக்கு இவை உதவும். தரையில் வட்டமாக அமைந்த போல்ட் துளைகள், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளியில் திரும்ப வந்தால் அங்கே நாற்காலிகள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டுபவர் நடந்த இடத்தில் தரைவிரிப்பு பிறைவடிவில் தேய்ந்திருக்கும். சுவரில் கண்ணாடி இருந்த செவ்வகம் வெளுக்காமல் நிற்கும். அதன் கீழ் வரிசையாக அடைத்த தண்ணீர்க் குழாய் முனைகள் இருக்கும். தலைக்கூடு உலர்த்தி ஒவ்வொன்றும் ஒரு கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும், எனவே பெண்கள் சலூன் இருந்த அறையில் கடையின் அளவுக்கு மீறிய மின்கம்பிகளும் வெளியேற்று விசிறிக்கான துளையும் தென்படும். புதுக் கடைக்காரர் தரையைப் பெயர்க்கும் ஒரு வாரம்தான் இவற்றைப் படமெடுக்கக் கிடைக்கும் நேரம். அளவுகோலையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

ஏன் மூடின

பேரங்காடி வந்தது, கடைகள் செத்தன என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படுவது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது எல்லாக் கதவுக்கும் பொருந்தாது. மளிகைக்குப் பொருந்தும். கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் திறந்த பிக்லி விக்லி கடையில் வாடிக்கையாளரே கூடை எடுத்துப் பொருளைப் பொறுக்கிக்கொண்டார். பொட்டலம் கட்டித்தரும் ஆட்களின் கூலி மிச்சமானது. அதன் பிறகும் சிறு கடைகளைப் பல நாடுகளில் காத்தது, உற்பத்தியாளரே சில்லறை விலையை நிர்ணயிக்கும் ஏற்பாடு: பெரிய கடையும் அதைவிடக் குறைத்து விற்க முடியாது. பிரிட்டன் 1964இல் சட்டம் போட்டு இதைப் பெருமளவு ஒழித்தது. அமெரிக்கா 1975இல் அதற்கு இடம்தந்த சட்டங்களை நீக்கியது. மருந்து, மின்சாதனம், அழகுப்பொருள் விற்ற குடும்பக் கடைகளின் கட்டங்களை இந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அருகில் பேரங்காடி திறந்த ஆண்டைவிட இவை நன்றாகப் பொருந்தலாம்.

செருப்புத் தைப்பவரையும் வானொலி பழுதுபார்ப்பவரையும் வீழ்த்தியது போட்டியே அல்ல. ஒட்டி வார்த்த அடிப்பகுதியைத் தைக்க முடியாது. டிரான்சிஸ்டர் பலகையை மாற்றும் செலவில் புதுப் பெட்டி வாங்கிவிடலாம். பொருளே பழுதுபார்க்க முடியாததாகிவிட்டது.

மீதிக் கதவுகளுக்கு விடை பெரும்பாலும் குடும்பத்துக்குள் இருக்கிறது. குடும்பக் கடையின் லாபம் என்று நோட்டில் தெரிவதில் பாதி, மனைவியும் பிள்ளைகளும் வாங்காத சம்பளம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதும், அந்த இடத்தில் கூலிக்கு ஆள் வைத்தால் கணக்கு நட்டத்தில் முடியும். ஆகவே நடத்தியவர் ஓய்வுபெறும் வயதை எட்டிய ஆண்டையும் வாடகை ஒப்பந்தம் முடிந்த ஆண்டையும் கட்டத்தில் வேறு வண்ணத்தில் குறித்துப் பாருங்கள். மூடல்கள் எந்தக் கோட்டை ஒட்டிக் குவிகின்றன என்பது அப்போது தெரியும். கட்டடம் சொந்தமாக இருந்தவர் விற்பனை குறைந்த பிறகும் பத்தாண்டு தாக்குப்பிடிப்பார். வாடகைக்கு இருந்தவர் நல்ல வியாபாரம் நடக்கும்போதே வெளியேறியிருக்கலாம். பேருந்து நிறுத்தம் இருநூறு மீட்டர் தள்ளிப் போனது, சாலை ஒருவழியானது போன்ற நகராட்சி முடிவுகளையும் விடக் கூடாது. இவை தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கும், கட்டத்தில் அது பளிச்சென்று தெரியும்.

ஆட்களிடம் கேட்பது

எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் பேசவைப்பது கலகலப்பாக இருக்கும், தகவலுக்கு ஆகாது. உரக்கப் பேசுபவரின் நினைவை மற்றவர்கள் தம்முடையதாக ஏற்றுக்கொள்வார்கள். முதலில் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, கதவுகள் மட்டும் வரைந்த வெற்றுத் தெருப் படத்தைப் பென்சிலோடு கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பிறகு எல்லாப் படங்களையும் ஒன்றாக வைத்து, வேறுபடும் கதவுகளை மட்டும் குழுவாகப் பேசலாம்.

எந்த ஆண்டு என்று கேட்டால் கிடைப்பது ஊகம். பழைய நிகழ்ச்சிகளை அண்மையில் நடந்ததாக இழுத்துவைப்பது மனத்தின் இயல்பு. “அப்போது நீங்கள் எந்த வகுப்பு?”, “உங்கள் மூத்த மகள் பிறந்திருந்தாளா?” என்று கேட்டால் ஓரிரு ஆண்டு பிசகில் பதில் கிடைக்கும். கல்லா எந்தப் பக்கம், எடைத் தட்டு எங்கே, காத்திருக்கும் பெஞ்சு எந்தச் சுவரோரம் என்று உடல் நினைவைத் தொடும் கேள்விகளுக்குப் பெயர்களும் சேர்ந்து வெளிவரும். ஓய்வுபெற்ற முடிதிருத்துநர் கிடைத்தால் அவருக்குத் தெருப் படத்தைக் கொடுத்துவிட்டு, காலையில் முதலில் வந்தவர் யார், சனிக்கிழமை யார் என்று வரிசையாகக் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களே. ஒலிப்பதிவைச் சுருக்கப்படாத கோப்பாக, ஒலிவாங்கி வாயிலிருந்து முப்பது செ.மீ.க்குள் இருக்கும்படி செய்யுங்கள். அறையில் குளிர்பெட்டி ஓடினால் நிறுத்திவையுங்கள், நிறுத்தியதை மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது நல்ல உத்தி.

கடன் நோட்டும் சலூனின் முன்பதிவு நோட்டும் கிடைத்தால் கவனம் தேவை. யார் எவ்வளவு பாக்கி, யார் எந்தச் சிகிச்சைக்குப் பிறகு பொய்முடி வாங்கினார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். எண்ணிக்கைகளை எடுத்துக்கொண்டு பெயர்களை விட்டுவிட வேண்டும். உயிரோடிருப்பவர் பற்றிய எதையும் அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது.

கட்டத்தை நிரப்பும்போது, ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் இருந்தால் மையிலும், ஒன்றே இருந்தால் பென்சிலிலும், நினைவு மட்டும் என்றால் புள்ளிக்கோட்டிலும் எழுதுவது நல்ல வழக்கம். ஒரே கையேட்டைப் பார்த்து எழுதிய இரண்டு கட்டுரைகள் இரண்டு ஆதாரங்கள் ஆகாது. இந்த நிலையிலேயே, வெற்றுக் கட்டங்களோடு, அதை உள்ளூர் நூலகச் சுவரில் ஒரு மாதம் தொங்கவிட்டுப் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டிவையுங்கள். முழுதாக நிரம்பிய படத்தைப் பார்ப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர்தான் நின்று எழுதுவார். வரும் திருத்தங்களை அழித்து எழுதாமல், சொன்னவர் பிறந்த ஆண்டோடு பக்கத்திலேயே சேர்த்து வைத்தால், எந்த அடுக்கின் நினைவு அது என்று பின்னால் பிரித்துவிடலாம்.